செய்து பார்த்தவர்

அக்காவிடம் ஒரு புதிர் சொன்னால் பதில் வராது. சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம்தான் வரும்.

முதல் தடவை எனக்கு அது புரியவில்லை. கல்யாணமாகி அமெரிக்காவுக்கு, கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்கு வந்த புதிது. மௌரி அவென்யூவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அபார்ட்மென்ட் வளாகம். மாடியில் நாங்கள், எங்களுக்கு நேர் கீழே அக்கா வீடு; சொந்த அக்கா இல்லை, வயதில் மூத்தவர் என்று அப்படிக் கூப்பிட்டேன். சனிக்கிழமை மதியம் ஆளுக்கு ஒன்று சமைத்து எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அன்று அக்கா வீட்டு முறை. நான் புளியோதரைப் பாத்திரத்தோடு படி இறங்கும்போதே உள்ளே கத்தல் கேட்டது. ஏதோ சண்டை என்று நினைத்தேன். சண்டைதான், ஆனால் ஒரு படகைப் பற்றி.

அந்த நாளில் கம்ப்யூட்டர் கம்பெனி இன்டர்வியூக்களில் ஒரு பழக்கம் இருந்தது. வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நடுவில் திடீரென்று ஒரு புதிர் போடுவார்கள். ஆள் எப்படி யோசிக்கிறான் என்று பார்க்கிறார்களாம். போனவர்கள் அந்தப் புதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாரக் கடைசி முழுக்க மற்றவர்கள் மண்டையையும் குடைவார்கள். அன்றைய புதிர் இது. ஒரு நீச்சல் குளத்தில் ஒரு படகு, படகுக்குள் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டுவிட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்த நாலு ஆண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். ஏறும் என்ற கட்சிக்கு என் வீட்டுக்காரர் தலைவர். பேப்பரும் பேனாவும் எடுத்து ஏதோ சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்தார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம் நிறையத் தண்ணீரோடு ஹாலுக்கு வந்து, எல்லாருக்கும் நடுவில் வைத்தார். அதில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டு, கிண்ணத்துக்குள் இஞ்சி நசுக்குகிற கல்லை வைத்தார். நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டினார்.

"இப்பப் பாருங்க" என்று கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார்.

தண்ணீர் பொட்டுக்குக் கீழே இறங்கி நின்றது.

அக்காவே விளக்கம் சொன்னார். "கல்லு படகுக்குள்ள இருக்கிற வரைக்கும் தன்னோட எடைக்கு ஏத்த தண்ணிய ஒதுக்குது. முழுகிட்டா தன்னோட உருவத்துக்கு மட்டும்தான் ஒதுக்கும். கல்லுக்குக் கனம் ஜாஸ்தி, உருவம் கம்மி. அவ்ளோதான்." சொல்லிவிட்டு, வெறும் நெற்றியோடு அப்பளம் பொரிக்கப் போய்விட்டார். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த அவர் மகள் மட்டும் சோபாவில் இருந்தபடி, "அம்மா, நாட் அகெய்ன்" என்றாள்.

எனக்கு அக்காவை அந்த நிமிடமே பிடித்துப்போனது. என் வீட்டுக்காரர் முகத்தில் அசடு வழிந்ததைப் பார்த்த சந்தோஷமும் அதில் கொஞ்சம் உண்டு.

அக்கா ஈரோட்டுப் பக்கம். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு பெண்கள் கல்லூரி லேபில் மாணவிகளுக்குச் சோதனை செய்து காட்டுகிற வேலையில் இருந்தார். அதைப் பற்றிப் பேசினால் மட்டும் குரல் மாறும். "அந்த லேப்ல ஒரு ஊசல் இருந்துச்சு பாரு, ஆட்டி விட்டுட்டு நான் காபி குடிச்சுட்டு வந்துருவேன், அப்பவும் ஆடிக்கிட்டு இருக்கும்" என்பார். அந்த ஊசலைப் பற்றிச் சொந்தக்காரர் ஒருவரை விசாரிப்பதுபோல் விசாரித்து, ஊருக்குப் போனபோது அந்தக் கல்லூரிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.

வாய்ப்புதிர்கள் அவருக்குப் பிடிக்காது. ஓர் ஆள் லிஃப்டில் பாதி தூரம்தான் போனான், ஏன் தெரியுமா, என்று யாராவது ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடும். "அது அவங்க மனசுல என்ன நெனச்சாங்களோ அதான் பதில். ஏமாத்து வேலை" என்பார். தண்ணீரோ நெருப்போ கனமோ காற்றோ பதில் சொல்கிற புதிராக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவே மாட்டார். "பேசிக்கிட்டே இருந்தா எப்படி? செஞ்சு பாத்துடலாம்" என்று எழுந்துவிடுவார். அவர் வீட்டு டம்ளர்களில் பாதிக்கு மேல் எங்கேயாவது ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் இருவருமே கணவரோடு வந்த டிபென்டன்ட் விசாவில் இருந்தோம். அந்த விசாவில் இருக்கலாம், சமைக்கலாம், லைப்ரரியில் புத்தகம் எடுக்கலாம். சம்பளத்துக்கு வேலை மட்டும் பார்க்கக்கூடாது. கணவரின் கம்பெனி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து, அது வரிசையில் நகர்ந்து நகர்ந்து கடைசிப் படிக்கு வந்தால்தான் மனைவிக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கும். நான் பி.காம். காலையில் நிதானமாக எழுந்து காபி குடிக்க முடிந்ததில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அக்காவுக்கு அப்படி இல்லை. வளாகத்துக் குப்பைத் தொட்டிக்குப் போகும்போதுகூட அவர் வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி தலை வாரி, புடவையோ சுடிதாரோ இஸ்திரி போட்டுத்தான் போவார்.

அந்த வரிசையில் ஒரு பொல்லாத விதி இருந்தது. கணவர் நடுவில் கம்பெனி மாறினால், பழைய விண்ணப்பம் போச்சு. புதுக் கம்பெனி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பரமபத விளையாட்டில் ஒரே கட்டத்தில் அவருக்கு ஏணியும் அக்காவுக்குப் பாம்பும் வரைந்து வைத்த மாதிரி. அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார், பாத்திரம் தேய்ப்பார், மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போவார். ஆனால் மேலே மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஒரு பரபரப்பு அவருக்கு உண்டு. "இந்த ஒரு ஜம்ப்தான், அப்புறம் செட்டில் ஆயிடலாம்" என்பார். நான் பார்க்க இரண்டு தடவை குதித்தார்.

இரண்டு தடவையும் அவரைத் தயார் செய்தது அக்காதான். இரவுச் சாப்பாட்டின்போது, நண்பர்களிடம் கேட்டு வந்த புதிர்களை அவர் சொல்லச் சொல்ல, அக்கா ரசச் செம்பையும் மோர் டம்ளரையும் வைத்துச் செய்து காட்டுவார். அடுத்த வாரம் வேலை கிடைத்துவிடும். அக்கா கேசரி கிண்டி வீடு வீடாகக் கொடுப்பார். கேசரியோடு சேதியும் வரும், கிரீன் கார்டு மறுபடி ஆரம்பத்துக்குப் போய்விட்டது என்று. அதைச் சொல்லும்போதும் சிரித்த முகம்தான். நெய் சொட்டுகிற அந்தக் கேசரியை நான் இரண்டு தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரில் எல்லாரும் லிவர்மோர் கோயிலுக்குப் போனோம். முந்தின நாள் பிறந்தநாள் விருந்தில் கிடைத்த ஹீலியம் பலூனை விடமாட்டேன் என்று அக்காவின் மகள் கையோடு கொண்டு வந்திருந்தாள். ஃப்ரீவேயில் ஏறுவதற்காக என் வீட்டுக்காரர் வேகமெடுத்ததும் அக்கா "ஐயோ!" என்று கத்தினார். இடித்துவிட்டோமோ என்று எல்லாரும் பதறிவிட்டோம்.

"பலூனைப் பாருங்க! நாம எல்லாரும் பின்னால சாயுறோம், அது மட்டும் முன்னால போகுது!"

கோயில் பார்க்கிங்கில் இடம் காலியாக இருந்தது. அவ்வளவுதான். என் வீட்டுக்காரரை வேகமாக ஓட்டு, பிரேக் போடு, திருப்பு என்று வட்டமடிக்க வைத்துவிட்டார். காற்றுக்கும் கனம் இருக்கிறது, அது நம்மோடு சேர்ந்து பின்னால் ஒதுங்குகிறது, காற்றைவிட லேசான பலூன் முன்னால் தள்ளப்படுகிறது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிவிட்டது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கோயில் படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராகாரத்தில் சுற்றும்போது, "என்னக்கா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"வேண்டுதல்னு பெருசா ஒண்ணும் இல்ல. கிரீன் கார்டு பிராசஸ் ஆகணும்னு சொன்னேன்."

"சாமிக்கு அதெல்லாம் புரியுமா?"

"வர்றவங்க எல்லாரும் அதைத்தான சொல்றாங்க? இந்நேரம் கத்துக்கிட்டிருப்பார்."

ஆனால் அக்கா என்றாலே எங்கள் வளாகத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது லாரிதான்.

எங்கள் வளாகத்தில் கார் நிறுத்த ஒரு கூரை போட்ட இடம் உண்டு. நுழைகிற இடத்தில் குறுக்கே ஓர் இரும்பு உத்தரம். ஒரு புதுத் தம்பதி குடிவந்தார்கள். வாடகை லாரியில் சாமான்களை ஏற்றி அந்தப் பையனே ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கூரைக்கு அடியிலேயே விட்டுவிட்டான். எல்லாரும் சேர்ந்து சோபா, கட்டில், அரிசி மூட்டை, கிரைண்டர் எல்லாம் இறக்கினோம். லாரியைத் திரும்ப எடுத்தான். கரகரவென்று ஒரு சத்தம். லாரியின் உச்சி உத்தரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளே வந்த வண்டி வெளியே போக மறுக்கிறது.

வளாகத்து மேனேஜர் அம்மாள் சாவிக்கொத்தோடு வந்து கத்த ஆரம்பித்தார். நம் இன்ஜினியர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மூளை பளிச்சிட்டது. "டயர்ல காத்தைப் பிடுங்கி விடு!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட லாரி என்று ஒரு பழைய புதிர் உண்டு, அதன் விடை இது. எல்லாருக்கும் மனப்பாடம். "பிடுங்கிட்டா அப்புறம் யார் காத்தடிக்கிறது? இன்னைக்குச் சாயந்திரம் வண்டியைத் திருப்பிக் குடுக்கணும்" என்று அந்தப் பையன் அழாத குறையாகச் சொன்னான்.

அக்கா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சக்கரத்துக்கு மேலே பார்த்தார்.

"தம்பி, உள்ள வரும்போது இடிச்சுச்சா?"

"இல்லக்கா."

"அப்ப வண்டியில என்ன இருந்துச்சு?"

"சாமான்தான்."

"இப்ப?"

"ஒண்ணும் இல்ல."

"அதான். பாரத்துல ஸ்பிரிங் அமுங்கியிருந்துச்சு. பாரத்தை எறக்கினதும் வண்டி எழும்பிருச்சு. எல்லாரும் ஏறுங்க."

சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே ஏறினார். பிறகு நாங்கள் எல்லாரும் ஏறினோம். பக்கத்து பிளாக் குஜராத்திக் குடும்பம், அரிசி மூட்டை, கிரைண்டர், கடைசியில் மேனேஜர் அம்மாளும். லாரி மெல்ல முனகிக்கொண்டு தாழ்ந்தது. பையன் பின்பக்கமாக அங்குலம் அங்குலமாக எடுத்தான். உத்தரம் எங்கள் தலைக்கு மேல் உரசாமல் போய் முடிந்ததும் உள்ளே ஒரே கைதட்டல். அக்கா லாரியின் இருட்டில் கரண்டியைப் பிடித்தபடி நின்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் வழக்கமாக வாயை மூடிச் சிரிக்கிறவர். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இப்படியே வருஷங்கள் போயின. எனக்கு ஒரு பையன் பிறந்து, பேச ஆரம்பித்தான். கடைசியில் இரண்டாயிரத்து ஒன்று வசந்தத்தில் அக்கா வீட்டுக்குக் கிரீன் கார்டு வந்தது. அக்கா கேசரி கிண்டவில்லை. அன்று மதியமே என் வீட்டுக்கு வந்து, "ஒரு பேன்ட் வாங்கணும், வர்றியா?" என்று கேட்டார்.

பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் லேபுக்கு உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. சோதனைகளுக்கான சாமான்களை எடுத்து வைக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும்போது கூட நிற்க வேண்டும். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அக்கா அந்தப் பேன்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் சின்னப் பொட்டோடு இன்டர்வியூவுக்குப் போனார். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் படியிலேயே காத்திருந்தேன். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"என்னக்கா கேட்டாங்க?"

"லேபைப் பாத்துக்கிற லேடி, நரைச்ச தலை. உக்காந்ததும் ஒரே கேள்வி. 'காலேஜ் லேபை விட்டு இத்தனை வருஷம் ஆச்சே, நடுவுல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?'ன்னாங்க."

"என்ன சொன்னீங்க?"

"மொதல்ல ஒண்ணும் வரல. சமைச்சேன், பொண்ணை வளத்தேன்னு சொன்னா அதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க? அப்புறம் பாத்துக்கோ, திடீர்னு லாரி ஞாபகம் வந்துருச்சு. அதைச் சொன்னேன். அவங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்காரங்க எட்டிப் பாக்குறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நான் கேட்டேன், உங்க லேப்ல நல்ல ஸ்பிரிங் இருக்கா, பிள்ளைங்களுக்கு ஒரு சின்ன லாரி பண்ணிக் காட்டலாம்னு. இல்ல, ஆர்டர் பண்றேன்னாங்க." அக்கா என் பையனின் காலைப் பிடித்து ஆட்டினார். "ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறக்கும்போது வந்துருன்னுட்டாங்க. ரெண்டாவது போன் நம்பர் கேட்டாங்க, உன்னோடதுதான் குடுத்திருக்கேன்."

அந்தச் சில வாரங்களில் அக்கா நடப்பதையே நான் பார்த்துக்கொண்டிருப்பேன். படியில் இரண்டிரண்டாக ஏறினார். பழைய பிசிக்ஸ் புத்தகங்களை லைப்ரரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தார். டேபிளில் பால் பாயின்ட் பேனாக்களைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளை வரிசையாக வைத்து எதையோ தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. அவருக்கு மட்டும் இல்லை, கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் ஆள் குறைத்த அந்த வருஷம் எங்கள் வளாகத்தில் காலை நேரத்திலும் கார்கள் நகராமல் நின்றன. ஃப்ரீமான்ட் வாடகைக்கு லேப் உதவியாளர் சம்பளம் எந்த மூலைக்கு? அது எனக்கும் தெரியும். ஆனால் இங்கேயே இரண்டு கம்பெனிகளில் அவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் ஏதாவது ஒன்று அமைந்திருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். அதற்குள் டெக்ஸாஸில், சுகர் லேண்ட் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. சம்பளம் அதிகம், அங்கே வீடு சொந்தமாகவே வாங்கலாம். முதல் இன்டர்வியூ போனில்.

அந்தக் காலை நான் அங்கே இருந்தேன். வாங்கின இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் ஹாலில் கார்ட்லெஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் நின்றார். சமையலறை வாசலுக்கு வந்து, போனில் பேசுகிறவரிடம் சரிபார்ப்பதுபோல், எங்களுக்குக் கேட்கும்படி கேள்வியைத் திருப்பிச் சொன்னார். மூடி சீல் வைத்த இரண்டு பீப்பாய்கள், ஒரே அளவு, ஒரே எடை. ஒன்றில் இருப்பது திரவம், இன்னொன்றில் உறைந்து கெட்டியானது. திறக்கக்கூடாது, தட்டக்கூடாது, குலுக்கக்கூடாது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா குழாயை மூடினார்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அக்காவின் ஈரமான மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, வேணாம்" என்றேன், குரல் வெளியே போகாமல்.

"என்ன வேணாம்?"

"நீங்க ஒண்ணும் காட்டாதீங்க. அவரே யோசிக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்று புரியாதவர் இல்லை அவர். "பதில் தெரியுதேம்மா" என்று முணுமுணுத்தார். மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

அந்த ஊரில் தேங்காய் எண்ணெய் எப்போதும் உறைந்துதான் இருக்கும். ஜன்னலோரம் ஒரு புது பாட்டில், வெள்ளையாக உறைந்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் இன்னொன்று, பிரிக்காதது, சூட்டில் உருகித் தெளிந்திருந்தது. அக்கா இரண்டையும் எடுத்தார். சனிக்கிழமை விருந்துக்குப் போடுகிற மடக்கு மேஜையின் ஒரு பக்கக் கால்களை மடக்கிச் சரிவாகச் சாய்த்தார். என்னைச் சரிவின் அடியில் குனிந்து கையேந்தச் சொல்லிச் சைகை காட்டினார், கீழே விழுந்து சத்தம் கேட்கக்கூடாதே. மேலிருந்து இரண்டு பாட்டில்களையும் ஒரே சமயத்தில் படுக்கவைத்து விட்டார்.

உருகின பாட்டில்தான் முதலில் வந்தது. என் கையில் வந்து சேர்ந்தது.

வாசலில் நின்றவருக்கு ஏன் என்று புரியவில்லை. புருவத்தைத் தூக்கினார். அக்கா கையை நீட்டி, மணிக்கட்டை அசைக்காமல் வைத்துக்கொண்டு, வளையலை மட்டும் சுற்றிக் காட்டினார். வெளிக்கூடு மட்டும்தான் சுழல்கிறது, உள்ளே இருப்பது சுழலாமல் வருகிறது, ஆகவே சீக்கிரம் உருளும். பிறகு விரல்களை மூடி, கையையே மொத்தமாகத் திருப்பிக் காட்டினார். கெட்டியாக இருந்தால் எல்லாமே சேர்ந்து சுழல வேண்டும், அதற்கே பலம் செலவாகும். அவர் முகம் தெளிந்தது. போனில் கடகடவென்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்துப் பாராட்டுவது எங்களுக்கே கேட்டது. பேசிக்கொண்டே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா மேஜையின் கால்களை நிமிர்த்தினார். பாட்டில்களை அதனதன் இடத்தில் வைத்தார்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தெரியலைன்னு இருந்திருக்கலாம்ல அக்கா?"

"தெரிஞ்சதை எப்படித் தெரியலைன்னு சொல்றது?" என்றார். கொஞ்ச நேரம் மேடையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "அவர் அந்த மாதிரி நின்னு என் மூஞ்சியைப் பாக்கும்போது நான் எப்படிம்மா சும்மா இருப்பேன்?" பிறகு மேல் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரவை தீந்து போச்சு போல இருக்கு" என்றார்.

நான் மாடிக்குப் போய் அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அவர் கணவர் மேலா, அந்த விதிகள் மேலா, பொய் சொல்லத் தெரியாத அக்கா மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலைக் கடைசியில் கிளம்பினார்கள். வாடகை லாரி வந்தபோது அவர் வீட்டுக்காரர் அதைக் கூரைக்கு அடியில் கொண்டுவரச் சொன்னார், சாமான் தூக்கத் தோதாக இருக்குமே என்று. அக்கா வெளியே வந்து தடுத்தார்.

"காலி வண்டி உள்ள வராதுங்க. ரோட்லயே நிறுத்தச் சொல்லுங்க."

ரோடு வரைக்கும் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். கண்ணாடிப் பாத்திரத்தைத் துணியில் சுற்றும்போது, "ஸ்கூலுக்குச் சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"சொல்லணும்" என்றார். சுற்றின துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

மகள் காரில் ஏறி ஹாரனை அடித்தாள். அக்கா என் பையன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து வாயை மூடிச் சிரித்தார்.

அவர் சொல்லவில்லை. எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் விடமாட்டாதவர் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அது எனக்கு ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் தெரிந்தது. பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வயதான ஓர் அமெரிக்கப் பெண்ணின் குரல். பள்ளி லேபிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அக்கா கொடுத்த முதல் நம்பர் வேலை செய்யவில்லையாம், அதனால் இரண்டாவதில் கூப்பிடுகிறாராம். நாளைக்குப் பள்ளி திறக்கிறது, அக்கா எத்தனை மணிக்கு வருகிறார் என்று தெரிந்தால் நல்லது என்றார். அவர் கேட்ட ஸ்பிரிங்குகள் வந்துவிட்டன, பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, அவரே பிரிக்கட்டும் என்று வைத்திருக்கிறோம் என்றார்.

அவர்கள் டெக்ஸாஸுக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னேன்.

உண்மையான அக்கறையோடுதான் கேட்டார், அங்கே இதைவிட நல்ல வேலை கிடைத்துவிட்டதா என்று.

"ஆமாம்" என்றேன். "அவர் கணவருக்கு."